நிக்கிறாரோ, நிக்கிறாவோ

படலையடியில் முதலில் ஒரு இருமல் கேட்கும். பிறகு சைக்கிளை வேலியில் சாத்தும் சத்தம். அதற்குப் பிறகுதான் குரல் வரும்.

"விதானையார் நிக்கிறாரோ?"

நான் முன்னறையில் மேசைக்குப் பின்னால் இருப்பேன். மேசையில் அரசாங்க முத்திரை, சுவரில் எங்கள் பிரிவின் வரைபடம். வாசல் நிலைக்கு மேலே 'கிராம சேவையாளர்' என்று பலகை. அதற்குக் கீழே என் பெயர், நாகேஸ்வரி என்று முழுதாக. வந்தவர் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் கேட்பார்.

"ஓம், நிக்கிறன். உள்ளுக்கு வாங்கோ."

அவர் தலையை நீட்டி என்னைப் பார்ப்பார். பார்த்துவிட்டு விறாந்தைப் பக்கம் திரும்புவார். "இல்லைப் பிள்ளை, விதானையாரோடை ஒரு கதை கதைக்க வேணும். அவர் வெளியிலை போட்டாரோ?"

'அவர்' என்றது என் கணவர் இராசரத்தினத்தை. தையல்காரர். விறாந்தையின் மற்ற மூலையில் மெசினை மிதித்துக்கொண்டிருப்பார். வாய் நிறையக் குண்டூசி. பதில் சொல்ல முடியாமல் என்னைக் கையால் காட்டுவார். வந்தவர் அதையும் பிழையாக விளங்கிக்கொள்வார். விதானையாருக்கு இப்போது வேலை, மனிசியிடம் சொல்லிவிட்டுப் போகட்டாம் என்று நினைத்து என் முன்னால் வந்து இருப்பார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் முத்திரை மையைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். 'விதானையாரின் துணைவியார் சுவையாக எழுதுகிறார்' என்று. கடவுளே! இத்தனை கிழமை எழுதியும் மனிசன் என்னைத் துணைவியாராகவே வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. சரி, இந்தக் கதையை ஒருக்கால் சொல்லி முடித்துவிடுவோம் என்று பேனையை எடுத்தேன்.

மீசையும் வேட்டியும்

எங்கள் ஆட்களை முழுதாகக் குறை சொல்லவும் ஏலாது. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த விதானைமார் எல்லாரும் ஆம்பிளைகள். அந்தப் பழைய பதவியை எடுத்துவிட்டு, கிராம சேவையாளர் என்று அரசாங்கம் புதுப் பெயர் வைத்து எவ்வளவோ காலம். சனத்தின் வாயில் விதானையார் விதானையார்தான்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் சண்டிலிப்பாய்ப் பக்கத்து விதானையார் குடையும் கையுமாக வருவார். அவர் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினால், காசுக்குக் காட்ஸ் விளையாடுகிறவர்கள் காட்ஸைச் சாரத்துக்குள் ஒளிப்பார்கள். வீட்டுக்காரர் கதிரையைத் துடைத்துப் போடுவார். திரும்பிப் போகும்போது கரியரில் ஒரு வாழைக்குலையோ பூசணிக்காயோ கட்டியிருக்கும். அதை ஒருவரும் லஞ்சம் என்று சொல்லமாட்டார்கள். "விதானையாருக்கு மரியாதை" என்பார்கள். எங்கள் வளவுக் கப்பல் வாழைக்குலை ஒன்றும் அந்த மரியாதையில் போனது. நான் நிலத்தில் விழுந்து புரண்டு அழுதேனாம்.

எண்பதுகளின் நடுவில் நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஒழுங்கைக்குள்ளை வெறிகாரர் சண்டை பிடிச்சால் பொம்பிளைப் பிள்ளை நீர் என்ன செய்வீர்?"

"நான் ஒருக்கால் சத்தம் போட்டனெண்டால் அவங்களுக்கு வெறி முறிஞ்சு போம், ஐயா" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு வேலை கிடைத்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலை கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. பட்டத்தை ஊர் என் மனிசனுக்குக் கொடுத்துவிட்டது. ஆள் நல்ல உயரம். முறுக்கின மீசை. தானே தைத்த வெள்ளைச் சட்டையும் கஞ்சி போட்ட வேட்டியுமாக நின்றால், பிறக்கும்போதே விதானையாராகப் பிறந்தவர் மாதிரி இருக்கும். என்னிடம் இருந்தது நியமனக் கடிதம் மட்டும்.

"இஞ்சாருங்கோ, உந்த மீசையை எடுங்கோவன். சனம் குழம்புது."

"மீசையை எடுத்தால் பேந்து நீரும் குழம்பிப் போவீர்" என்று சொல்லிவிட்டு மெசினை மிதிப்பார்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான கரைச்சல் வேறு. அந்த மனிசனுக்கு 'ஏலாது' என்ற சொல் வாயில் வராது. யார் வந்து என்ன கேட்டாலும் "பாப்பம், செய்யலாம்" என்பார். வேறு ஊரில் இருக்கிற பெடியனை எங்கள் பிரிவில் இருக்கிறான் என்று எழுதித் தரக் கேட்பார்கள். அவர் "பாப்பம்" என்பார். நான் முடியாது என்பேன். போகிறவர் ஒழுங்கையில் நின்று சொல்லிக்கொண்டு போவார்: "விதானையார் ஓமெண்டுதான் சொன்னவர். மனிசிதான் விடுகுதில்லை."

நல்ல பெயர் அவருக்கு, பொல்லாத பெயர் எனக்கு!

பள்ளிக்கூடத்துச் சனம்

தொண்ணூறுக்குப் பிறகு காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தது. குண்டு போடுகிற பொம்மர் சத்தத்துக்குள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் இரும்புப் பெட்டியோடு வந்தார். ஒரு மனிசி கோழியும் அடையில் இருந்த முட்டையுமாக வந்தா. எங்கள் பள்ளிக்கூடத்து வாங்குகளை ஓரமாக அடுக்கி, வகுப்புக்கு இரண்டு மூன்று குடும்பம் என்று இருந்தார்கள். மறைப்புக்குச் சீலை கட்டியிருந்தது.

அவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி செல்லத்துரையர் என்று ஒரு பெரியவர். சீமெந்துத் தொழிற்சாலையில் போர்மனாக இருந்து இளைப்பாறியவர். மெசின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகியதாலோ என்னவோ, குசுகுசுத்தாலும் சந்திக்குக் கேட்கும்.

நிவாரணம் எடுக்க வேண்டுமென்றால் குடும்ப விபரத்தை என்னிடம் பதிய வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு வகுப்பாகப் பதிந்தேன். செல்லத்துரையர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"எங்கடை விதானையாரிட்டை எங்கடை விபரம் எல்லாம் கிடக்கு, பிள்ளை."

"அவரும் இடம்பெயர்ந்து நெல்லியடிப் பக்கம் போட்டாராம், ஐயா. இப்ப நான்தான் பதிய வேணும்."

"முதல் இருந்த இடத்திலையும் உப்பிடித்தான் பதிஞ்சவை. அரிசி வந்தது எண்டு கேள்விப்பட்டம். அரிசியைக் காணேல்லை. ஊர் ஆக்கள் எடுத்த மிச்சந்தானே வந்தான் வரத்தானுக்கு? நான் பிச்சை எடுக்கிற ஆள் இல்லை."

கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். மனிசன் அசையவில்லை. பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் அரிசியில் கொஞ்சம் கொடுக்க, அதில் அந்தக் குடும்பம் கஞ்சி காய்ச்சியது. அவருடைய மகள் ராணிக்குக் கைக்குழந்தை. நடந்து வந்த அலைச்சலிலும் பயத்திலும் அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. குழந்தையின் பெயரை மட்டும் தன் தகப்பனுக்குத் தெரியாமல் அவள் என்னிடம் சொல்லிப் பதிந்துவிட்டாள்.

எனக்கு அந்த நாட்களில் சாப்பாடு இறங்காது. ஒரு விதானையாருக்குச் சம்பளம், சைக்கிள், முத்திரை எல்லாம் அரசாங்கம் கொடுக்கும். நம்பிக்கையைச் சனம்தான் கொடுக்க வேண்டும். அது கிடைக்காததால் ஒரு குடும்பம் என் பிரிவுக்குள் பட்டினி கிடக்கிறது. இதைவிட ஒரு உத்தியோகத்தருக்கு வேறென்ன கேவலம்?

எண்ணுகிறவர்

அப்படியிருக்கும்போது கப்பலில் பால்மா வந்தது. கைக்குழந்தைக்கு ஒரு டின். எங்கள் பிரிவில் பதிந்த குழந்தைகளுக்குச் சரியாகக் காணும். மேலதிகம் ஒன்றும் கிடையாது.

சாமான் இறக்குவதில் எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. பகலில், எல்லோருக்கும் முன்னால்தான் இறக்குவேன். எண்ணுகிறவர் நானாக இருக்கமாட்டேன். வாங்கப் போகிற ஆட்களில் ஒருவர் சத்தம்போட்டு எண்ண வேண்டும். அன்றைக்கு உழவு மெசின் இழுத்த பெட்டியில் பால்மா வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றபோது, வேண்டுமென்றே செல்லத்துரையரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, வாங்கோ, நீங்கள் எண்ணுங்கோ. உங்கடை குரல்தான் எல்லாருக்கும் கேக்கும்."

மனிசன் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து எண்ணினார். மானிப்பாய்க்குக் கேட்டிருக்கும். கணக்குச் சரியாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பூட்டி வைக்க ஒரு அறை இல்லை. அதனால் டின்களை என் வீட்டு முன்னறையில் அடுக்கினோம். மறுநாள் காலையில் கொடுப்பதென்று சொன்னேன். அன்று பின்னேரம் அரசாங்க அதிபரின் கச்சேரியில் கூட்டம். முன்னறையைப் பூட்டி, திறப்பை இராசரத்தினத்திடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் போனேன். அந்தப் பின்னேரம் என் வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள்வரை எனக்குத் தெரியாது.

காலையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டோம். தாய்மார் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பெயரை வாசிக்க, நான் டின்னைக் கையில் கொடுத்தேன். ராணி முன்னுக்கு வந்தபோது செல்லத்துரையர் அவளைக் கையில் பிடித்து மறித்தார்.

"நீ கடைசியிலை நில்லு. எங்களுக்கு வருதோ எண்டு பாப்பம்."

எனக்குக் காது சூடேறியது. பார்க்கட்டும், நல்லாகப் பார்க்கட்டும் என்று இருந்தேன். அவர் எண்ணித் தந்த டின்தானே, எனக்கென்ன பயம்?

வரிசை குறைந்தது. கடைசியில் ராணி குழந்தையோடு முன்னால் வந்தாள். நான் டின்களைக் கொண்டுவந்த பெட்டிக்குள் கையை விட்டேன்.

பெட்டி வெறும் பெட்டி.

என் வீட்டில் குறைந்தது

மனேச்சர் நல்ல மனிசன்தான்; என் காதுக்குள் குனிந்தார். "மிஸ், மேலை இருந்து குறைய வந்தது எண்டு சொல்லுங்கோ. பேந்து எங்கையாவது எடுத்துக் குடுப்பம்."

சொல்லியிருக்கலாம். கப்பல் சாமான் குறைந்து வருவது புதினமா? ஆனால் எண்ணியவர் எனக்கு முன்னால் நிற்கிறார். அவர் நிற்காவிட்டாலும் அந்தப் பொய் என் வாயில் வந்திராது என்பதை இன்றைக்கும் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

"சாமான் சரியாத்தான் வந்தது" என்று எழும்பி நின்று சொன்னேன். "ஐயாதான் எண்ணினவர். குறைஞ்சது என்ரை வீட்டிலை. ஆர் எடுத்தது எண்டு நான் இப்ப கேட்டுச் சொல்லுறன். ஒருத்தரும் போகாதையுங்கோ."

சொல்லிவிட்டுத் திரும்பினால், டின்களைத் தூக்கிவர உதவிக்கு வந்த என் மனிசன் மரத்தோடு மரமாக நிற்கிறார். சால்வையால் முகத்தைத் துடைக்கிறார். துடைக்கத் துடைக்க வேர்க்கிறது. எனக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ…"

"கொஞ்சம் பொறும்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சனம் முணுமுணுத்தது. "விதானையார் ஓடிட்டார்" என்று யாரோ சிரித்தார்கள். செல்லத்துரையர் சிரிக்கவில்லை. "நான் சொன்னனானெல்லே" என்று மகளிடம் சொன்னார். அதை அவர் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். ராணியின் குழந்தை அழுதது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போயிருக்கும். சைக்கிள் திரும்பி வந்தது. கரியரில் பால்மா டின். திறந்திருந்தது.

இராசரத்தினம் அதை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தார். பத்துப் பேருக்கு முன்னால் நிமிர்ந்து கதைத்தறியாத மனிசன்.

"நேற்றுப் பின்னேரம் என்ரை அக்கா வந்தவ. தன்ரை பேரப்பிள்ளைக்கு ஒரு டின் தாவெண்டு கேட்டவ. அவதான் என்னைத் தூக்கி வளர்த்தவ. எனக்கு ஏலாதெண்டு சொல்லத் தெரியேல்லை. குடுத்திட்டன்." செருமினார். "அது நான் குடுக்கிற சாமான் இல்லை. நீங்கள் எல்லாரும் என்னை விதானையார், விதானையார் எண்டு கூப்பிட, நானும் கேட்டுக்கொண்டு இருந்திட்டன். நான் விதானையார் இல்லை. நான் தையல்காரன். விதானையார் உதிலை நிக்கிறா."

நிக்கிறா என்றார். ஆம்பிளைக்குச் சொல்கிற 'நிக்கிறார்' இல்லை.

எனக்குக் கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் மரியாதையைத் தானே கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிற்கிற அந்த மனிசனைப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மியது. இவர் என்ரை மனிசன் என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. அப்படியெல்லாம் கத்தினால் உத்தியோகம் என்னாவது! மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாளும், அதுதான் அவருடைய அக்கா, வந்துசேர்ந்தா. தம்பியின் சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறா. கையில் ஒரு மூக்குப் பேணி. அதை மேசையில் டக்கென்று வைத்தா.

"டின்னிலை இருந்து எடுத்ததும் இதுக்குள்ளை கிடக்கு. ஒரு கரண்டியும் குறையேல்லை. பிள்ளைக்கு நாளைக்கு என்ன வருமோ எண்ட பயத்திலை கேட்டனான். என்ரை தம்பியைச் சந்தியிலை நிப்பாட்டிப் போட்டாய். இனி உன்ரை படலை திறக்கமாட்டன்."

"அவரை நான் நிப்பாட்டேல்லை மச்சாள். அவர் தானே வந்து நிண்டவர்" என்றேன்.

மச்சாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டா.

செல்லத்துரையர் முன்னால் வந்தார். மூக்குப் பேணியை எடுத்தார். அதிலிருந்த மாவை ஒரு தூசும் சிந்தாமல் டின்னுக்குள் தட்டினார். மூடியை அமர்த்தி மகளிடம் கொடுத்தார். பேணியை மேசையில் வைத்தார்.

"வா பிள்ளை" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேணியும் படலையும்

அன்றைக்கு வீட்டில் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டோம். அவர் மெசினை மிதித்தார், நான் பாத்திரம் தேய்த்தேன். அதில் அந்த மூக்குப் பேணியும் ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை, எவ்வளவு கோபமென்றாலும். சீனி கண்ணில் காண முடியாத காலம். இருந்த பனங்கட்டியை உடைத்துப் பேணிக்குள் போட்டேன்.

"நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றேன்.

"நீர் கொண்டுபோம். ஏச்சு வாங்குறதுக்கு இண்டைக்கு என்னட்டை இடமில்லை" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மச்சாள் வெளியே வரவில்லை. குசினி யன்னலில் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பேணி எங்கள் வேலிக்கு மேலால் திரும்பி வந்தது, வறுத்த பனங்கிழங்கு ஒடியலோடு. ஒரு சொல் இல்லை. ஆனால் வெறும் பேணியாக வரவில்லை. சொல் வருவதற்கு அடுத்த தைப்பொங்கல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொங்கலோடு ஏச்சும் சேர்ந்து வந்தது. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்னால், அந்தப் பால்மாக் கிழமை முடியவில்லை, ஒரு காலை நேரம். நான் முன்னறையில் இருக்கிறேன். முத்திரை மை வற்றி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். படலையடியில் இருமல் கேட்டது. அந்தக் குரலைத் தெரியாமல் இருக்குமா? ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"விதானையார் நிக்கிறாவோ?"

மெசின் நின்றது. இராசரத்தினம் வாயிலிருந்த குண்டூசி எல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்பினார். அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

"ஓம், நிக்கிறா" என்றார். "உள்ளுக்குப் போங்கோ ஐயா."

செல்லத்துரையர் பலகைக்குக் கீழே வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார். "நாகேஸ்வரி" என்று சத்தமாக வாசித்தார். "உதோ பேர்? இவ்வளவு நாளும் வாசிக்கேல்லை." பிறகு கதிரையில் அமர்ந்து, கக்கத்தில் இருந்த பையை மடியில் வைத்தார். "எங்களையும் பதியுங்கோ, பிள்ளை" என்றவர், தொண்டையைச் செருமித் தன்னைத் திருத்திக்கொண்டார். "பதியுங்கோ, விதானையார்."

பதிந்தேன். நீல முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

ரொறன்ரோ வாசகருக்கு: விதானையாருக்கு ஒரு துணை இருந்தது உண்மைதான். நல்ல உயரம், முறுக்கின மீசை, வாய் நிறையக் குண்டூசி.